தொழிற்குழுத் தலைவருக்கு வேண்டிய பண்புகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





தொழில் நிலையங்களிலே ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குபவரிடம் இருக்க வேண்டிய பண்புகள் யாவை என்பதே இன்று பேசுமாறு எமக்குத் தரப்பெற்ற பொருள். சங்கச் செயலாளர் இதனை எமக்கு அறிவித்தபோது, சங்க விழாவிலே வியாபாரப் பேச்சு எதற்கு என்று நாம் சற்றுத் தயங்கினோம். பின்னர் ஆற அமர யோசித்துப் பார்த்தோம். இம்மண்டபத்தில் இருக்கும் வாலிபருட் பலர் இன்னும் பத்து ஆண்டுகளில் ஒரு கடையிலோ, வங்கியிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ, கணினி நிலையத்திலோ ஐந்தாறு பேருக்குப் பொறுப்பாளராக அமரப் போகிறவர்கள். அந்த ஐந்தாறு பேரும் தினமும் எட்டு மணித்தியாலம் உங்கள் கையில் இருப்பார்கள். மாலையில் அவர்கள் மனநிறைவோடு வீடு திரும்புகிறார்களா, மனம் நொந்து திரும்புகிறார்களா என்பது பெரும்பாலும் உங்களைப் பொறுத்தது. பிறர் மனம் நோகாமல் நடப்பது அறமெனின், இப்பொருள் இந்த மேடைக்கு ஏற்றதே அன்றோ?

பெரிய கம்பனிகளின் அதிபதிகளைப் பற்றி நாம் இங்கு அதிகம் பேசப் போவதில்லை. அவர்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஆறு பேருக்குத் தலைவராக இருப்பவரைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை. ஆனால் வேலை நடப்பது அவரிடத்திலேதான்.

எமது நாட்டிலே குழுத் தலைவர் என்ற பதவி புதிதன்று. கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் தோன்றிய காலத்திலே, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை அழைத்து வந்தவர் கங்காணி. அவர்களைக் கூட்டமாக வேலைக்கு விட்டவரும் கங்காணி. அவர்களுக்குக் கடன் கொடுத்தவரும் கங்காணியே. தொழிலாளர் தோட்டம் மாறும்போது அவர்களுடைய கடனை எழுதிய 'துண்டு' ஒன்றும் அவர்களோடு கூடவே மாறிற்று. அந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கண்காணி என்ற சொல்லே கங்காணி என மருவியது என்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பது அதன் பொருள். கங்காணிமாருள்ளும் இரக்கமுள்ளோர் இருந்திருப்பர். ஆயினும் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அச்சமும் கடனுமே.

சட்டம் துண்டை ஒழித்தது, மனப்பான்மையை ஒழித்ததா? குளிரூட்டிய கந்தோர்களிலே இன்றும் கங்காணிகள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலே பிரம்பு இல்லை, கைத்தொலைபேசி இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வட்சப்பிலே ஏச்சு வருகிறது. பார்த்துக்கொண்டிருப்பதே தலைமை என்று இவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு என்பதற்கு ஓர் உண்மை வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்திலே, பிறீமொன்ற் என்னும் ஊரிலே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. அக்கம்பனியின் தொழிற்சாலைகளுள் மிக மோசமானவற்றில் ஒன்று என்று அது பெயரெடுத்திருந்தது. திங்கட்கிழமைகளிலே வேலையைத் தொடங்குவதற்குப் போதிய ஆட்கள் வராத நாட்களும் உண்டாம். வேலை நேரத்தில் மது அருந்தினர். கோபத்திலே சிலர் கார்க் கதவுக்குள் சோடாப் போத்தலைப் போட்டு மூடிவிடுவார்களாம். வாங்கியவர் ஓட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கட்டும் என்று. அங்கே எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்றிருந்தது. என்ன நேர்ந்தாலும் கார்கள் நகரும் வரிசையை நிறுத்தக் கூடாது என்பதே அது. பிழை இருந்தாலும் போகட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மேலிடத்துக் கொள்கை. 1982 ஆம் ஆண்டிலே அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

இரண்டு ஆண்டுகளின் பின், 1984 இல், ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியும் யப்பானிய டொயோட்டா கம்பனியும் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தை மீண்டும் திறந்தன. 'நும்மி' என்பது அதன் சுருக்கப் பெயர். இங்குதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. வேலைக்கு எடுத்தவர்களுட் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. அதே தொழிற்சங்கம். போத்தல் போட்ட கைகளும் அவற்றுள் இருந்திருக்கும். ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறிற்று. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் எடுத்த கணக்கின்படி, ஜெனரல் மோட்டர்ஸின் வேறொரு தொழிற்சாலையில் ஒரு காரைப் பூட்டுவதற்கு 31 மணித்தியால உழைப்புச் செலவாயிற்று. நும்மியில் 19 மணித்தியாலமே. அங்கே நூறு கார்களில் சுமார் 130 பூட்டற் குறைகள்; நும்மியில் 45. யப்பானில் உள்ள டொயோட்டாத் தொழிற்சாலையிலும் அதே 45 தான்.

ஆட்கள் மாறவில்லை. கட்டடமும் மாறவில்லை. பின் எது மாறிற்று?

ஐந்தாறு பேருக்கு ஒரு குழுத் தலைவர் என்று ஏற்படுத்தினார்கள். தலைமைப் பொறுப்பு ஏற்கவிருந்த நூற்றுக்கணக்கானோரை யப்பானுக்கு அனுப்பி, அங்குள்ளவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்யவிட்டுப் பழக்கினார்கள். தொழிலாளர் நிற்கும் இடத்துக்கு மேலே நெடுக ஒரு கயிறு தொங்கிற்று. பிழையொன்றைக் கண்டவர், அல்லது தம் வேலையை நேரத்தில் முடிக்க முடியாதவர், அக்கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும், இசை ஒலிக்கும். குழுத் தலைவர் உடனே வருவார். ஏச அல்ல, உதவ. இருவரும் சேர்ந்து பிழையைச் சரிசெய்ய முடிந்தால் வரிசை தொடர்ந்து ஓடும், முடியாவிட்டால் நிற்கும். வரிசையை நிறுத்தியதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தக் கயிற்றுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. டொயோட்டாக் குடும்பத்தார் காருக்கு முன் தறி செய்தவர்கள். சக்கிச்சி டொயோடா என்பவர் 1924 ஆம் ஆண்டிலே செப்பமாக்கிய தானியங்கித் தறி, ஒரு நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். நெசவு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். அறுந்த நூலோடு ஓடும் தறி துணியை நெய்வதில்லை, நட்டத்தையே நெய்கிறது. தறிக்கு இருந்த அந்த உணர்வை மனிதர் கையில் கொடுத்ததுதான் கயிறு.

நண்பர்களே, இதனைக் கண்ட ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி தன் வேறு தொழிற்சாலைகளிலும் இம்முறையைப் புகுத்த முயன்றது. வான் நைஸ் என்னும் இடத்துத் தொழிற்சாலையிலும் குழுக்கள் அமைத்தார்கள். ஆனால் மேற்பார்வையாளருடைய மனம் மாறவில்லை. தொழிலாளருடைய ஐயமும் தீரவில்லை. 1992 ஆம் ஆண்டிலே அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கயிற்றைக் கடையில் வாங்கலாம். கயிறு இழுத்தால் முகம் சுளிக்காமல் வரும் தலைவரை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே, நல்ல தலைவரின் முதற் பண்பு இதுவே: குறையைச் சொல்ல வருபவருக்கு அவர் அச்சமற்ற இடமாக இருத்தல் வேண்டும்.

இதனை நாம் நூலிற் படித்து மட்டும் சொல்லவில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும், வாலிபருக்குப் பயன்படும் என்பதனால் சொல்கிறோம். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், கொழும்பிலே தேயிலையைப் பொதிசெய்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிலையத்தில் ஒன்பது பேருக்கு நாம் பொறுப்பாக இருந்தோம். ஒரு நாள் பெட்டிகளில் திகதி குத்தும் அச்சிலே ஆண்டு பிழையாக அமைந்துவிட்டது. வடக்கிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் காலையிலேயே அதனைக் கண்டுகொண்டார். கண்டும் ஒன்றும் பேசவில்லை. மாலையில் நாமே கண்டபோது ஆயிரக்கணக்கான பெட்டிகள் குத்தி முடிந்திருந்தன. இரண்டு இரவுகள் விழித்திருந்து எல்லாவற்றையும் மாற்றினோம். மூன்றாம் நாள் மேலதிகாரி அழைத்து, "யாருடைய பிழை?" என்று கேட்டார். நாம் அந்த இளைஞரின் பெயரைச் சொன்னோம். மாத முடிவில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

போகும்போது அவர் எம்மிடம் வந்தார். கோபத்தோடு வரவில்லை. "ஐயா, முதல் கிழமை மெசினை நிப்பாட்டினதுக்கு மற்ற அண்ணையை எல்லாருக்கும் முன்னாலை ஏசினீங்கள். அதுக்குப் பிறகு நான் எப்பிடி வந்து சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அச்சைப் பிழையாகப் பூட்டியது அவரல்லர். அந்த அச்சைக் காலையிற் சரிபார்க்க வேண்டியவர் நாமே. மேலதிகாரியிடம் அன்று அதனைச் சொல்லும் துணிவு எமக்கு இருக்கவில்லை. பின்னர் துணிவு வந்தபோது அந்த இளைஞர் எங்கே போனார் என்று சொல்வார் இல்லை. பதவி உயர்வுகள் பல பெற்றோம். அந்தக் கேள்வி மட்டும் எம்மை விட்டு நீங்கவில்லை.

அமெரிக்காவிலே ஏமி எட்மன்சன் என்னும் அறிஞர் 1990களில் வைத்தியசாலைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களிலே மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கிலே அவைதாம் கூடுதலாக இருந்தன. ஆராய்ந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. நல்ல தலைமையுள்ள இடத்திலே பிழையை வெளியிற் சொன்னார்கள்; அச்சமுள்ள இடத்திலே மறைத்தார்கள். உங்கள் குழுவிலிருந்து ஒரு குறையும் காதுக்கு வரவில்லையாயின், உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஒழுங்கின் அமைதியாகவும் இருக்கலாம். வாயடைத்த அமைதியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது பண்பு, வேலையைத் தாமே அறிந்திருத்தல். நும்மியிலே ஒரு தொழிலாளர் வராத நாளில் குழுத் தலைவரே அவருடைய இடத்தில் நின்றார். அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வேலையிற் கெட்டிக்காரர் ஆகையால் நல்ல தலைவர் ஆகிவிடுவார் என்று எண்ணுவது தவறு. கூகிள் நிறுவனத்தார் 2009 ஆம் ஆண்டளவில் தம் முகாமையாளர்களைப் பற்றிய ஏராளமான குறிப்புகளை ஆராய்ந்து, நல்லவர்களிடம் காணப்படும் எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தினார்கள். முதலிடம், தம் கீழுள்ளவரைப் பழக்கி வளர்ப்பதற்குக் கிடைத்தது. தொழில்நுட்பத் திறமை எட்டாவதாக, கடைசியில் நின்றது. அந்நிறுவனமோ தொழில்நுட்பத்தாலேயே வாழ்வது! எமது கடைகளிலும் கந்தோர்களிலும் நன்றாக விற்பவரையே விற்பனைக் குழுவுக்குத் தலைவராக்குகிறோம். பல வேளைகளில் ஒரு நல்ல விற்பனையாளரை இழந்து ஒரு மோசமான தலைவரைப் பெறுகிறோம். எல்லாவற்றையும் தாமே செய்து முடிக்கும் தலைவர் உண்மையில் தம் குழுவை ஊனமாக்குகிறார்.

மூன்றாவது, ஆளறிந்து வேலை கொடுத்தலும் கொடுத்தபின் நம்புதலும். திருக்குறளிலே பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து இருப்பதைப் பெரியோர்கள் அறிவீர்கள். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயப்படுவதும் இரண்டுமே கேடு என்பது அங்கு தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. நாமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். சொந்தக்காரர், ஊர்க்காரர், ஒன்றாகப் படித்தவர் என்று ஆராயாமற் சேர்க்கிறோம். சேர்த்தபின் ஒவ்வொரு நாளும் அவர் மேசையை எட்டிப் பார்க்கிறோம்.

நான்காவது, இடர் வந்தபோது உண்மையைச் சொல்லி, சுமையைப் பங்கிடுதல். 1929 ஆம் ஆண்டிறுதியிலே உலகமெங்கும் வியாபாரம் வீழ்ந்தபோது, யப்பானிலே மட்சுஷிட்டா மின்பொருட் கம்பனியின் களஞ்சியம் விற்கப்படாத பொருட்களால் நிரம்பிவிட்டது. பாதி ஆட்களை நிறுத்திவிடலாம் என்று உதவியாளர் யோசனை கூறினர். அதன் தாபகரான கொனோசுகே மட்சுஷிட்டா, ஒன்பது வயதிலேயே படிப்பை விட்டுக் கடைப்பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். அவர் வேறு வழி சொன்னார். உற்பத்தியைப் பாதியாக்குங்கள், வேலையை அரை நாளாக்குங்கள், ஒருவரையும் நிறுத்த வேண்டாம், சம்பளத்தை முழுமையாகக் கொடுங்கள், மிகுதி நேரத்தில் எல்லோருமாகத் தேங்கிய பொருளை விற்போம் என்றார். இரண்டு மாதங்களிலே களஞ்சியம் காலியாயிற்று.

எமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டிலே 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாத நாட்களையும், எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்களையும் நாம் எல்லோரும் கண்டோம். அக்காலத்திலே கணக்குப் புத்தகத்தை ஊழியர்முன் விரித்துவைத்து, "நிலைமை இதுதான், என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று கேட்ட சிறு முதலாளிமாரையும் கண்டோம், ஒன்றும் சொல்லாமல் ஒரு நாட் காலையிலே கதவைப் பூட்டியவர்களையும் கண்டோம். இரு சாராருக்கும் பணக்கஷ்டம் ஒன்றே. ஆனால் முன்னவருடைய ஊழியர் இன்றும் அவரை நினைத்துப் பேசுகிறார்கள்.

ஐந்தாவது பண்பு, புகழைக் கீழே கொடுத்துப் பழியை மேலே தாங்குதல். சொல்வதற்கு எளிது. மேலதிகாரியின் மேசைக்கு முன் நின்று, "பிழை என்னுடையது" என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு கடினமானது என்பதை நாம் அறிவோம். அந்த நிமிடத்திலே நாம் தவறினோம். நீங்கள் தவறாதீர்கள்.

இவ்வளவும் கேட்ட பெரியோர் சிலர், "இப்படி விட்டுக்கொடுத்தால் ஒழுங்கு எங்கே இருக்கும்? தலைக்குமேல் ஏறிவிடுவார்களே" என்று எண்ணக்கூடும். நியாயமான கேள்வியே. நாம் சொல்வது கண்டிப்பை விட்டுவிடுவதை அன்று. நும்மியிலே வேலையின் ஒவ்வொரு படியும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. வரவும் நேரமும் கண்டிப்பாகப் பார்க்கப்பட்டன. பிழையைச் சொன்னவரைத் தண்டிக்காமல் விடுவது வேறு. வேண்டுமென்று பிழை செய்பவரை விடுவது வேறு. கண்டிக்க வேண்டியவரைத் தனியே அழைத்துக் கண்டியுங்கள். காரணத்தைச் சொல்லிக் கண்டியுங்கள். நெருங்கியவருக்கும் மற்றவருக்கும் ஒரே அளவாகக் கண்டியுங்கள். அப்படிச் செய்யும் தலைவரை ஒருவரும் வெறுப்பதில்லை. பாரபட்சத்தையே மனிதர் பொறுப்பதில்லை.

இன்னோர் உண்மையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நும்மியும் என்றென்றும் வாழவில்லை. 2009 இல் ஜெனரல் மோட்டர்ஸ் கூட்டிலிருந்து விலகியது. 2010 இல் தொழிற்சாலை மூடப்பட்டது. பின்னர் அக்கட்டடத்தை டெஸ்லாக் கம்பனி வாங்கிற்று. நல்ல குழுத் தலைவர்கள் மேலிடத்தின் முடிவுகளையெல்லாம் தடுத்துவிட முடியாது. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகள், கெட்டவர்கள் என்று தள்ளப்பட்ட மனிதர் நல்ல வேலை செய்து தலைநிமிர்ந்து வீடு திரும்பினார்களே, அது சிறிய காரியமா? கெட்டவர்கள் என்று நாம் ஒதுக்குபவர்களுட் பலர், கெட்ட தலைமையின் கீழ் அகப்பட்ட நல்லவர்களாக இருத்தல் கூடும்.

அன்பார்ந்த வாலிபர்களே, தலைமையைப் பழகுவதற்குக் கம்பனி வேலை கிடைக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இச்சங்கமே உங்கள் பயிற்சிக் களம். அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டும் குழுவும் குழுதான். தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் குழுவும் குழுதான். இந்த மலருக்கு விளம்பரம் சேர்க்கும் குழுவும் குழுதான். பாத்திரம் கழுவ ஆளில்லாத போது முதலிற் சட்டைக் கையை மடிப்பவர் யாரென்று பாருங்கள். கணக்கிலே நூறு ரூபா குறைந்தபோது, "நான் எண்ணியதிற் பிழை இருக்கலாம்" என்று முதலிற் சொல்பவர் யாரென்று பாருங்கள். அவரைத் தலைவராக்குங்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இளையவர் ஒருவர் வந்து, "இது சரியாக நடக்கவில்லை" என்று சொல்லும்போது, அவர் வயதைப் பார்க்காமல் விடயத்தைப் பாருங்கள். அவர் உங்களை எதிர்க்க வரவில்லை, கயிற்றை இழுக்கிறார். எழுந்து போய் என்னவென்று பாருங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் எம்முடைய நிலையத்திலே அப்படி ஒரு கயிறு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அந்த இளைஞர் அதனை இழுத்திருக்க மாட்டார். ஏனெனில் மறுமுனையில் நின்றவர்கள் நாம். உங்கள் குழுவிலே அப்படி ஒருவர் வாய்மூடி நிற்க நேராதிருக்கட்டும் என்று இறைவனை வேண்டி அமைகிறோம்.